மொய் எழுதிய சோடியம்

கேள்வி: சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது, குளோரின் வாங்க ஆசைப்படுகிறது என்று என் மகளுக்கு டியூஷனில் சொல்லித் தருகிறார்கள். அலோகங்களுக்கு மட்டும் ஏன் இந்த வாங்குகிற புத்தி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: 'ஆசை' என்ற சொல்லை வேதியியல் வகுப்பிலிருந்து நாடு கடத்தச் சொல்லி இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஓர் ஆசிரியர் கோபமாகக் கடிதம் போடுவார். போடட்டும்.

சோடியத்துக்கு ஆசையாம்! வாயுவாக இருக்கும் சோடியத்தில் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகிறது. அதைக் குளோரின் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349. துண்டு விழும் 147-ஐ யார் கட்டுவது? அயனிகள் உப்புப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிவரும் ஆற்றல். பந்தியில் என்ன போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு மொய் எழுதியவர்தான் நம் வள்ளல். (இப்போது நானே அணுவுக்குப் புத்தி வைத்துப் பேசுகிறேன் என்று எழுதப்போகும் ஆசிரியருக்கு: ஆமாம்.)

சரி, அலோகத்துக்கு வருவோம். ஃபுளூரினின் கருவில் 9 புரோட்டான்கள். அவற்றை நன்றாக மறைப்பவை உள்கூட்டின் 2 எலக்ட்ரான்கள் மட்டுமே. வெளிக்கூட்டில் உள்ளவை ஒன்றையொன்று அரைகுறையாகத்தான் மறைக்கும். அணுவும் பொடியன். அதனால் கருவின் பிடி வெளியே வரை எட்டுகிறது. பிணைப்பு ஆற்றல்களை வைத்து 1932-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் இந்த இழுப்புக்கு ஓர் அளவுகோல் போட்டார். இன்று ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20. சோடியம் 0.93.

இதுதான் எலக்ட்ரான் கவர்தன்மை. தனி எலக்ட்ரானைச் சேர்த்துக்கொள்வது வேறு கணக்கு. அதில் ஃபுளூரினுக்கு 328-தான், குளோரினுக்கும் கீழே. இங்கே பேச்சு, இரண்டு அணுக்கள் பங்கு போட்ட எலக்ட்ரான் ஜோடியை யார் தன் பக்கம் இழுப்பது என்பது.

பங்கு என்றதும் பேருந்தில் பக்கத்து சீட்டிலிருந்து நம் பத்திரிகையைப் படிப்பவர் ஞாபகத்துக்கு வருகிறார். இவரைப் பற்றியும் நான் எழுதுவது முதல் தடவை அல்ல. ஆளுக்குப் பாதி என்றுதான் ஆரம்பிக்கும். விழுப்புரம் தாண்டுவதற்குள் நடுப்பக்கம் அவர் மடியில், ஸ்டேபிள் பின் நம் விரலில். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் ஹைட்ரஜனின் கதி அதுதான்: ஜோடி பொதுச்சொத்து, குடித்தனம் ஃபுளூரின் வீட்டில். இரண்டு ஓசி வாசகர்கள் ஒரே வலுவோடு இழுத்தால் பத்திரிகை நட்டநடுவில் நிற்கும். அது ஃபுளூரின் வாயு. மந்த வாயுவான நியான் ஜன்னலோரம் தூங்குகிறார், அவருக்குப் பத்திரிகையே வேண்டாம்.

இறங்கும்போது என் பக்கத்து சீட்டுக்காரர், "அடுத்த இதழ் எப்ப சார் வரும்?" என்று கேட்டார். சந்தா படிவத்தைக் காட்டலாம் என்று பார்த்தால், அந்தப் பக்கத்தில்தான் அவர் வடையைச் சுற்றி வைத்திருந்தார்.