மின்சார காரின் ரேஞ்ச் குறைந்தால் பேட்டரி கெட்டுவிட்டதா?

முழு சார்ஜில் 250 கி.மீ. காட்டிய கார் இப்போது 210தான் காட்டுகிறது, வீட்டில் சார்ஜும் பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். பேட்டரியை உடனே சந்தேகிக்காதீர்கள். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால், அதனுள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் சார்ஜின் நடுப்பகுதியில் 3.2, 3.3 வோல்ட்டை விட்டு அவ்வளவாக அசையாது; அதனால் வோல்டேஜை வைத்து மிச்ச சார்ஜைக் கணிப்பது கடினம். எப்போதும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தினால், மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு காருக்கே தவறிவிடும். இந்த வகை பேட்டரியை வாரம் ஒருமுறை ஏசி சார்ஜரில் (வீட்டு மின்சாரத்தில் மெதுவாக ஏற்றுவது) 100 சதவீதம் வரை ஏற்றி, அப்புறமும் சிறிது நேரம் இணைப்பிலேயே விடுங்கள். டயர் காற்றையும் பாருங்கள், அது குறைந்தாலும் ரேஞ்ச் குறையும்.

சார்ஜ் நிற்பதற்கு எர்த்திங்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் தானாகவே நிறுத்திக்கொள்ளும். 16 ஆம்ப் பிளக் கை வைக்க முடியாத அளவு சுட்டால், எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை தயவுசெய்து அதில் சார்ஜ் போடாதீர்கள்.