திரையில் தெரியும் அசைவு உண்மையா, மாயையா?

படச்சுருளில் இருப்பவை அசையாத படங்கள்தாம். பிறகு திரையில் மனிதர் எப்படி நடக்கிறார்? இதற்குத் ‘தோற்ற அசைவு’ என்று பெயர். சற்றே இடம் மாறிய படங்கள் வேகமாக அடுத்தடுத்து வந்தால், மூளை அவற்றைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. ஒரே பொருள் நகர்வதாக எடுத்துக்கொள்கிறது.

கோயில் திருவிழாவின் சீரியல் விளக்கைப் பாருங்கள். எந்த பல்பும் இடம்விட்டு நகர்வதில்லை. ஒன்று அணைய, அடுத்தது எரிகிறது, அவ்வளவுதான். ஆனால் நாம் பார்ப்பது ஓடும் ஒளியை. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் வெளியிட்ட ஆய்வு இந்த விந்தையைப் பற்றியதே. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள். ஒளி மினுங்காமல் இருக்க, படச்சுருள் புரொஜெக்டரில் ஒளியை மறைத்துத் திறக்கும் மூடி (ஷட்டர்) ஒவ்வொரு படத்தையும் குறைந்தது இரு முறை காட்டும்.

அப்படியானால் அது வெறும் மாயையா? தத்துவ அறிஞர்களில் ஒரு சாரார் ஆம் என்கிறார்கள். மறுசாராரோ, நிறம்கூட நம் பார்வையைச் சார்ந்ததுதான், அதைப் பொய் என்கிறோமா என்று கேட்கிறார்கள். என் சாய்வு இவர்கள் பக்கம்.

பிம்பம் கண்ணில் சிறிது நேரம் தங்குவதால்தான் படம் அசைகிறது என்று பலர் சொல்வதுண்டு. சுழற்றிய கம்பி மத்தாப்பு வட்டமாகத் தெரிவதற்கு அந்த விளக்கம் பொருந்தும், ஆனால் படங்கள் அப்படித் தங்கினால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கலாகத் தெரியுமே தவிர, யாரும் நடக்கமாட்டார்கள்.