இயந்திரம் நின்றால் கல்லுப்போல விழுமா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்திருக்கும் தங்கச்சியின் மகன் அங்கே பொழுதுபோக்காகச் சின்ன விமானம் ஓட்டுகிறவன். பலாலியிலிருந்து நெடுந்தீவு வரை கரையோரமாகப் பறந்து பார்ப்போமா என்று ஆசை காட்டுகிறான். நடுக்கடலில் இயந்திரம் நின்றால் கல்லுப்போல விழாதா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: விழாது அக்கா. செஸ்னா 172 மாதிரியான நாலு இருக்கை விமானம், இயந்திரம் நின்றாலும் இறக்கையின் தயவில் சறுக்கிக்கொண்டே இறங்கும், 3,000 அடி உயரத்தில் இருந்தால் காற்றில்லாத நேரம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் போகலாம். குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் நின்றால்கூட ஏதோ ஒரு கரை எட்டும். ஆனால் படம் எடுக்கிறேன் என்று 500 அடிக்குத் தாழ்ந்தால் அந்தக் கணக்கு சரிவராது, பெறாமகனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். வெளியே வந்த பிறகுதான் அதில் காற்று நிரப்ப வேண்டும், உள்ளேயே ஊதினால் கதவால் வெளியேற முடியாது.

செஸ்னாவில் இறக்கை தலைக்கு மேலே என்பதால் கீழே எதுவும் மறையாது. யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோணம், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே தண்ணீரில் நிற்கும் கடற்கோட்டை எல்லாம் முழுசாகத் தெரியும். காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் நிலம் சூடாகிக் குலுக்கல் தொடங்கிவிடும்.

அப்புறம், கனடா உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே நேராக ஓட்ட முடியாது, இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அங்கீகாரம் வேண்டும். பலாலியில் விமானப்படைத் தளமும் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒன்றும் நடக்காது.