பேலன்சர் மாற்றியதும் டைமிங் 8 டிகிரி தள்ளிப்போனது எப்படி?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கிறேன். 1979 மாடல் ஷெவர்லே சி10 பிக்கப், 350 வி8 எஞ்சின். கிராங்க் முனையில் உள்ள ஹார்மோனிக் பேலன்சரின் ரப்பர் வெடித்துப் பிதுங்கியிருந்தது. 'எல்லா 350 எஞ்சினுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த ஒன்றை ஆன்லைனில் வாங்கி நானே மாற்றினேன். அதே 6¾ அங்குலம்தான். வண்டி பழையபடி நன்றாக ஓடியது. மறுநாள் டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி விழுகிறது என்பதை, டைமிங் லைட் அடித்துப் பார்த்தால், எப்போதும் 8 டிகிரி காட்டும் இடத்தில் 0 காட்டியது. பானெட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 8 என்று இருப்பதால், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 8-க்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து மேட்டில் ஏறினால் நாக்கிங் சத்தம். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் திணறுகிறது. டைமிங் செயின் பல் தாண்டிவிட்டதா? பேலன்சரைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். அடிப்பகுதியை ஒரு டார்ச் வைத்துப் பார்த்தால், பல வருட எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே கிளாம்ப் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பிறை மாதிரி சுத்தமாகத் தெரியும். அதை வைத்து ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடலாம். நாக்கிங்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டனும் ரிங்கும் அடிவாங்கும். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செயின் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் வால்வுகளின் நேரமும் சேர்ந்து கெட்டு, பேலன்சர் மாற்றிய அன்றே வண்டி இழுக்காமல் போயிருக்கும். உங்கள் வண்டி அன்று நன்றாக ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் பதிலுக்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

உங்கள் எஞ்சினில் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர்தான் முடிவு செய்கிறது. அதைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட். பேலன்சருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்குவதுதான் அதன் வேலை. கூடவே விளிம்பில் ஒரு கோட்டையும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆக, பேலன்சரை மாற்றியதால் டைமிங் மாறவில்லை, கோடுதான் இடம் மாறியிருக்கிறது. கடிகாரத்தில் முள்ளைத் தொடாமல் எண் தட்டை மட்டும் கொஞ்சம் திருப்பி வைத்தது போல.

ஏன் இடம் மாறியது? ஷெவர்லேயின் இந்தச் சிறிய வி8 குடும்பத்தில் கோடு எல்லா வருடத்திலும் ஒரே இடத்தில் இல்லை. 1968 வரை வந்தவற்றில் கோடு கீவே காடியின் (பேலன்சர் கிராங்கில் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் பள்ளம்) நடுவிலிருந்து சுமார் 2 டிகிரி தள்ளி இருக்கும். 1969 முதல் வந்தவற்றில் சுமார் 10 டிகிரி. கோட்டுக்கு எதிரே எஞ்சினில் நிலையாக இருக்கும் டிகிரி முள் மேலே 12 மணி நிலையில் இருக்கும் பிந்தைய எஞ்சின்களில் கோடு இன்னும் வெகுதூரம் தள்ளிப்போய்விடும். 10-லிருந்து 2 போனால் 8. உங்கள் லைட் காட்டிய வித்தியாசமும் அதே 8. பழைய வகைப் பேலன்சர் உங்களுக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உண்மையில் 8-ல் இருந்த டைமிங்கை அது 0 என்று காட்டியது. நீங்கள் கோட்டை 8-க்கு இழுத்ததும் உண்மை டைமிங் 16-க்குப் போய்விட்டது. மேட்டில் நாக்கிங், சூட்டில் ஸ்டார்ட்டர் திணறல் இரண்டுமே டைமிங் மிக முன்னால் போனதற்கான அடையாளம்.

பழைய பேலன்சரைத் தூக்கிப் போடவில்லையே? அதைக் கையில் எடுங்கள். கீவேயின் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு ஸ்கேலை நேராக வைத்து, அங்கிருந்து கோடு எவ்வளவு தூரம் என்று விளிம்பை ஒட்டி அளந்து பாருங்கள். 6¾ அங்குல பேலன்சரில் ஒரு டிகிரி என்பது சுமார் 1.5 மி.மீ. 10 டிகிரி வகையானால் 15 மி.மீ. இருக்கும், 2 டிகிரி வகையானால் வெறும் 3 மி.மீ. கண்ணாலேயே தெரிந்துவிடும். புதியதைப் பொருத்துவதற்கு முன் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

ஆனால் பழையதில் ரப்பர் வெடித்திருந்தது என்கிறீர்கள். அப்படியானால் வெளி வளையம் உள் மையத்தின் மேல் வழுக்கி நகர்ந்திருக்கவும் கூடும். 15 மி.மீ.க்குப் பதிலாக 9, 20 என்று சம்பந்தமில்லாத அளவு வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அப்போது பழைய 8-ம் நம்பத்தக்கதல்ல. இரண்டு கோட்டில் எது சரி என்று பிஸ்டனிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்குப் பிஸ்டன் ஸ்டாப் என்ற சின்னக் கருவி போதும், விலை அதிகமில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கம் முன்னால் இருப்பதுதான் ஒன்றாம் சிலிண்டர். அதன் பிளக் துளையில் ஸ்டாப்பைத் திருகி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் வந்து முட்டி நிற்கும். முள்ளின் 0-க்கு நேரே பேலன்சரில் சாக்பீஸால் ஒரு கோடு. அப்புறம் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில்தான் பிஸ்டன் உண்மையில் உச்சிக்கு வரும் புள்ளி. எதிர்ப்பக்கம் சுற்றும்போது கிராங்க் போல்ட் தளர்ந்துவிடலாம். கடைசியில் அதை 60 அடி-பவுண்டுக்கு முறுக்கிவிடுங்கள்.

பிளக் துளையில் ஸ்க்ரூடிரைவர் விட்டு, அது மேலே ஏறி நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. உச்சிக்கு முன்னும் பின்னும் சில டிகிரிக்குப் பிஸ்டன் அசைவதே தெரியாது. நாம் தேடுகிற பிழையே அந்தச் சில டிகிரிதான்.

புதிய உச்சிக் கோட்டை வெள்ளைப் பெயிண்ட்டால் போட்டு, பழைய தவறான கோட்டைக் கருப்பால் மூடிவிடுங்கள். பிறகு டைமிங் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைக்க வேண்டும், எஞ்சின் ஸ்டிக்கர் சொல்லும் ஐடில் வேகத்தில் இருக்க வேண்டும். திருகி அளவு மாற்றும் டைமிங் லைட்டாக இருந்தால் அதை 0-ல் வைக்க மறந்துவிடாதீர்கள், இதிலேயே பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். கோடு மட்டும்தான் தவறு என்றால் பேலன்சரைக் கழற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. இறுக்கமாக ஏற்றிய பொருள் அது. கழற்றி மாட்டுவது வீண் வேலை, பொருத்திய பாகத்தைப் பல கடைகள் திரும்ப எடுப்பதும் இல்லை. ஆனால் 'எல்லா 350-க்கும் பொருந்தும்' என்று விளம்பரம் செய்தது தவறு. அந்த விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து, அளந்த மி.மீ. கணக்கோடு கடைக்கு எழுதி, விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், சொன்னபடி பொருள் வரவில்லை என்று கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தத் தொகை முதலில் வந்த பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இனி வாங்குபவர்கள் விட்டம், கீவேக்கும் கோட்டுக்கும் உள்ள கோணம், உள் பேலன்சா (சமனெடை கிராங்கிலேயே இருப்பது) வெளி பேலன்சா (பேலன்சரிலும் இருப்பது) என்ற மூன்றையும் கடையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே குடும்பத்தின் 400 எஞ்சினுக்கான பேலன்சரில் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். அதை 350-ல் மாட்டினால் எஞ்சின் உதறும். மாட்டும்போது சுத்தியலால் அடிக்காதீர்கள், திருகி ஏற்றும் கருவியை வாடகைக்கு எடுங்கள். கழற்றும்போதும் வெளி வளையத்தைக் கொக்கி போட்டு இழுக்காமல், மையத்தில் உள்ள மூன்று துளைகளில் போல்ட் போட்டு இழுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் கிழிந்துவிடும்.

கேள்வி: 1989 ஃபோர்டு மஸ்டாங், 302 என்றும் சொல்லப்படும் 5.0 லிட்டர் எஞ்சின். '302-க்கானது' என்று வாங்கிய பேலன்சரைப் போட்டதிலிருந்து 2,000 ஆர்பிஎம் தாண்டினால் ஸ்டியரிங் வரை நடுங்குகிறது. டைமிங் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். 302-ல் இரண்டு வகை உண்டு. எண்பதுகளின் தொடக்கம் வரை வந்தவற்றுக்கு 28 அவுன்ஸ் சமனெடை, அதன் பிறகு வந்தவற்றுக்கு 50. உங்களுடையது 50. வந்திருப்பது 28 ஆகத்தான் இருக்கும். பெட்டியில் உள்ள பாக எண்ணைக் கடையில் சரிபாருங்கள். இதில் கோட்டைத் திருத்திச் சமாளிக்க வழியில்லை, பொருளையே மாற்ற வேண்டும்.