மிஸ்ஸியம்மாவில் ஏமாந்தவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் என் மகளுடன் உட்கார்ந்து ‘மிஸ்ஸியம்மா’ பார்த்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே எழுந்து போய்விடுபவள், இதைக் கடைசிவரை சிரித்துக்கொண்டே பார்த்தாள். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள். ‘ஓர் இந்துப் பையனும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்கிறார்கள், பிறகு நிஜமாகவே காதல் வருகிறது, சரி. ஆனால் அவள் பிறப்பால் இந்துதான் என்று கண்டுபிடித்த பிறகுதான் கல்யாணம் நடக்க வேண்டுமா? மேரியாகவே இருந்தால் என்ன?’ நான் ‘அந்தக் காலம் அப்படிம்மா’ என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதை வெறும் பொழுதுபோக்குப் படம் என்று விட்டுவிடலாமா, அல்லது பிற்போக்கான படம் என்றுதான் சொல்ல வேண்டுமா? ஜெமினியும் சாவித்திரியும் அப்போதே ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டிருந்தார்களாமே, நடிப்பு அவ்வளவு இயல்பாக இருப்பதற்கு அதுதான் காரணமா? இதேபோன்ற பொய்க்கல்யாணக் கதைகள் கொண்ட வேறு நல்ல படங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகளின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் சொன்ன பதில் பிடிக்கவில்லை. ‘அந்தக் காலம் அப்படி’ என்பது, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிப் பிள்ளைகளின் வாயை அடைப்பதற்காகப் பெரியவர்கள் கைவசம் வைத்திருக்கும் வாக்கியம். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டாவது அதைச் சொல்லியிருக்கலாம். ‘மிஸ்ஸியம்மா’ 1955 பொங்கலுக்கு வெளிவந்தது. 1954இல் நிறைவேறிய சிறப்புத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே 1955ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி. அதற்கு முன்பிருந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் இந்துவும் ஒரு கிறிஸ்தவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வேண்டுமானால், தங்கள் மதத்தைப் பின்பற்றுபவர்கள் அல்ல என்று இருவரும் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. புதிய சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது. பாலு பாலுவாகவும் மேரி மேரியாகவும் இருந்தபடியே சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டுவிட்டு வரலாம் என்று சட்டம் சொல்லி இரண்டு வாரம் ஆவதற்குள் இந்தப் படம் திரைக்கு வந்திருக்கிறது. ஆகவே காலத்தின் மீது பழியைப் போடாதீர்கள். கதவு திறந்துதான் இருந்தது, படம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் இதை வைத்துப் படத்துக்குப் ‘பிற்போக்கு’ என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தால், அதற்கும் நான் உடன்பட மாட்டேன். முத்திரை குத்துவது தபால் அலுவலகத்தின் வேலை. ஜெமினி, சாவித்திரி திருமண விவகாரத்தைப் பற்றிப் பேச ஆயிரம் யூடியூப் காணொளிகள் இருக்கின்றன, அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். தெலுங்கில் அதே வேடத்தை அதே சாவித்திரி என்.டி. ராமராவோடு நடித்து, அங்கும் அது கொண்டாடப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், நடிப்புக்குக் காரணம் நடிகைதான் என்பது விளங்கிவிடும். முதலில் பானுமதி ஏற்றிருந்த வேடம் அது. தயாரிப்பாளரோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் அவர் விலக, தங்கை வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரி மேரியானார், தங்கை வேடம் ஜமுனாவுக்குப் போயிற்று.

நான் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்கள் கடிதம் தொட்டதால்தான் இந்தப் பதில். ஆள்மாறாட்ட நகைச்சுவைகளில் நாம் எல்லோரும் பொய் சொல்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் மாட்டிக்கொள்வார்களா, காதலிப்பார்களா என்பதிலேயே கண்ணாக இருக்கிறோம். அந்தப் பொய்யை நம்பியவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் மகளும் கேட்கவில்லை. அவளை மன்னிக்கலாம், அவளுக்கு வயது இருபத்திரண்டு.

கதையை ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு ஜமீன்தார், சிறுமியாக இருந்தபோது தொலைந்துபோன மூத்த மகளின் நினைவாக ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். பள்ளி சரியாக நடக்கவில்லை. கணவனும் மனைவியுமாக இருவர் ஆசிரியர்களாக வந்தால் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளைப்போலப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி, பட்டம் பெற்ற தம்பதி தேவை என விளம்பரம் கொடுக்கிறார். அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் வேலையில்லாத இரு பட்டதாரிகள் தம்பதியாகி வருகிறார்கள். மேரிக்குப் படிப்பதற்காக வாங்கிய கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாக அவளையே கேட்கிறான். ஆக, இந்தப் பொய்க்கு மூலதனம் பசியும் கடனும்தான். காதல் கடைசியில்தான் வந்து சேர்கிறது. வெறும் வேடிக்கைக்காகவோ, யாரையோ வெறுப்பேற்றுவதற்காகவோ தம்பதியாக நடிக்கும் கதாபாத்திரங்களைக் காட்டும் படங்கள் இடைவேளைக்குள் சலித்துப்போவதற்கும், இந்தப் படம் எழுபது ஆண்டுகள் கழித்து உங்கள் மகளை உட்கார வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

அந்த ஜமீன்தாராக எஸ்.வி. ரங்காராவ் நடித்திருக்கிறார். 1918இல் பிறந்தவர், அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் வளர்ந்த பெண்ணின் தகப்பனாகவே உடம்பைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏமாற்றப்படுகிறவரை அசடாக்கிவிட்டால் எழுத்தாளருக்கு வேலை சுலபம், நமக்கும் உறுத்தாது. இயக்குநர் எல்.வி. பிரசாத்தும், கதையை வங்கத்திலிருந்து எடுத்துவந்த சக்ரபாணியும் அந்தச் சுலபத்தைத் தொடவில்லை. ஜமீன்தாரும் அவர் மனைவியும் புத்தி இல்லாமல் ஏமாறவில்லை. வந்திருக்கும் பெண்ணின் மீது பாசம் வைத்துவிட்டதால் அவள் முகச்சுளிப்பைக்கூட இளம் தம்பதியின் ஊடலாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘வாராயோ வெண்ணிலாவே’ பாட்டை எண்ணிப் பாருங்கள். கணவனும் அல்லாத மனைவியும் அல்லாத இருவர், ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லே ஸ்டுடியோவுக்குள் வரவழைத்த நிலவொளியில், ஒருவர் மீது ஒருவர் நிலாவிடம் குற்றம் சொல்லிப் பாடுகிறார்கள். அவன் தன் பெருமையைச் சொல்ல, அவன் காட்டும் அன்பெல்லாம் வேஷம் என்கிறாள் அவள். அந்தப் பாட்டை மறைந்து நின்று யார் கேட்டாலும், இருபது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் என்றுதான் சொல்வார்கள். அந்த வயதான தம்பதி நம்பியதில் என்ன தப்பு?

இங்கே எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரை இழந்தவள், திருச்சியில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் இளம் ஜோடி குடிவந்தது. குடும்பஸ்தர்களுக்கு மட்டும்தான் வீடு என்பது அத்தையின் சட்டம். அவர்களும் குடும்பம் என்றே சொன்னார்கள். தினமும் ஒரு தூக்கில் ரசம் மாடிக்குப் போகும், வெள்ளிக்கிழமை கட்டிய பூ போகும். ஒரு நாள் தபால்காரர் அந்தப் பெண்ணுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதத்தை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார். உறையின் மேல் பெயருக்கு முன்னால் ‘செல்வி’ என்று தட்டச்சு செய்திருந்தது. அத்தை கடிதத்தைப் பிரிக்கவில்லை. மாலையில் அந்தப் பெண் வந்ததும் உறையை அவள் கையில் கொடுத்து, ‘இது உனக்குத்தானே?’ என்று மட்டும் கேட்டாளாம். வேறு வேறு மதம், இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லை, தனியாக யாரும் வீடு தரவில்லை என்று எல்லாம் அழுகையோடு வெளியே வந்தது.

அத்தை செய்தது இன்றுவரை எங்கள் குடும்பத்தில் பேசப்படுகிறது. பதிவுத் திருமணத்துக்கு விண்ணப்பித்தால் அலுவலகப் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும் அல்லவா? அந்த முப்பது நாளும் அந்தப் பெண்ணைக் கீழே தன் அறையில் படுக்க வைத்துக்கொண்டாள். காலையில் அவளுக்குக் காபி கொடுப்பாள். மாடியிலிருந்து இறங்கி வரும் பையனின் முகத்தைப் பார்க்க மாட்டாள். திருமணத்தன்று மூன்று சாட்சிகளில் ஒருத்தியாகப் போய்க் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து கேசரி கிண்டிக் கொடுத்தாள். அடுத்த மாதம் முதல் தேதி வாடகையை வாங்கிக்கொண்டு, வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவர்கள் எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை. ‘கல்யாணம் பண்ணிக்காம இருந்தது அவங்க கஷ்டம். ஆனா நான் குடுத்த பூவை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிரிச்சுக்கிட்டே வாங்கி வெச்சுக்கிட்டாளே’ என்றாள்.

அவள் செய்தது சரியா தப்பா என்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. அதில் நான் எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. ஏமாந்தவருக்கு இப்படி ஒரு பாடு இருக்கிறது, உதவ நினைக்கும் மனமும் ஆறாத மனமும் ஒரே ஆளிடம் ஒரே மாதத்தில் குடியிருக்க முடியும். ‘மிஸ்ஸியம்மா’ கைநழுவ விட்டது இதைத்தான். மேரிதான் தொலைந்துபோன மூத்த மகள் என்று வெளிப்பட்ட கணத்தில், அவள் கிறிஸ்தவளாயிற்றே என்ற சிக்கல் தீர்ந்ததைத்தான் உங்கள் மகள் கவனித்தாள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் அதே கணத்தில் தீர்ந்துபோகிறது: ஜமீன்தார் யாரையும் மன்னிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. தன் வீட்டில் தங்கி, தன் சோற்றைத் தின்று, தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன அந்நியப் பெண்ணை ஒருவர் மன்னிப்பது பெரிய விஷயம். பெற்ற மகளை மன்னிக்க என்ன இருக்கிறது? ரத்த உறவு வந்ததும் பொய் குறும்பாகிவிட்டது. ரங்காராவ் என்னும் மகாநடிகர் அத்தனை ரீல்களாகச் சேர்த்துவைத்த பரிவுக்கு வரவேண்டிய சோதனை வராமலே போயிற்று.

இந்தத் தந்திரம் புதியதும் அல்ல, நம்முடையதும் அல்ல. ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸ், கிறிஸ்து பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே, மணக்கக் கூடாத பெண்ணை ஊர்ப் பெரியவரின் தொலைந்த மகளாக்கிக் கல்யாணத்தை முடித்துவைத்திருக்கிறார். பார்வையாளர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். கொட்டகையை விட்டு எழுந்து வரும்போது யார் மீதும் கடன் பாக்கி இருக்கக் கூடாது என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நகைச்சுவைக்கு அது நியாயம்தான் என்று நீங்கள் வாதிடலாம். நான் ஏற்க மாட்டேன். மேரி மேரியாகவே நின்று அந்தப் பெரியவரிடம் ‘நான் பொய் சொன்னேன்’ என்று சொல்லும் ஒரு காட்சியை சாவித்திரியும் ரங்காராவும் நடித்திருந்தால் படத்தின் சிரிப்பு ஒரு துளியும் குறைந்திருக்காது. அதை எழுத சக்ரபாணிக்குத் திறமையும் இருந்தது. நடுவில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தும் படத்தை நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பார்க்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வேறு படங்கள் கேட்டிருந்தீர்கள். 1957இல் ஏவி.எம். இதையே இந்தியில் ‘மிஸ் மேரி’ என்று எடுத்தது. இயக்கம் எல்.வி. பிரசாத்தேதான், நாயகனும் ஜெமினியேதான், மேரியாக மீனாகுமாரி. பாருங்கள், நன்றாகவே இருக்கும். முடிவு மட்டும் இதே முடிவு. பட்டியல் போடும் வேலையை நான் செய்வதில்லை. உங்கள் மகள் பார்த்துவிட்டு வேறு ஏதாவது கேட்டால் கேள்வியை அப்படியே எனக்கு அனுப்புங்கள், நடுவில் நீங்கள் பதில் சொல்லிவிட வேண்டாம்.