வட்டி இல்லை, சரி. கட்டணம்?

தம்பி, ஆஸ்திரேலியா வந்த கையோடு வீட்டுச் சாமான் வாங்கப் போன கடையில் ‘24 மாதம் வட்டியே இல்லை’ என்றார்களே, எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குக் கடன் கொடுப்பது கடை அல்ல, பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம். கையில் தருவது கிரெடிட் கார்டு. அதற்குத் தொடக்கக் கட்டணம் ஒன்று, மாதாமாதம் கணக்குக் கட்டணம் ஒன்று என்று தனியாக வாங்குவார்கள்.

2000 டாலருக்கு வாங்குகிறீர்கள், தொடக்கத்தில் 35 டாலர், மாதம் 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்தில் 275 டாலர் போய்விடும். 2000க்கு 275 பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருவதால் சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் ஆயிரம் டாலர் சொச்சம்தான். அதற்கு இந்தக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 13 சதவீத வட்டிக்குச் சமம். இதே கட்டணத்தில் 1000 டாலர் சாமான் வாங்கினால் 25 சதவீதத்தைத் தொடும். சின்னச் சாமானுக்குத்தான் இந்தத் திட்டம் அதிகம் கடிக்கும்.

60 மாதம் வட்டியில்லை என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கார்டும் கட்டணமும் இருப்பதைச் சரியாகச் சொல்லாத 2020-21 விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்தின என்று இங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆசிக் (ASIC) என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பு.

அப்புறம், ஸ்டேட்மென்டில் வரும் குறைந்தபட்சத் தொகை. அதை மட்டும் கட்டினால் தவணைக்காலம் முடியும்போது கடன் முடிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல திட்டங்களில் மிச்சம் நிற்கும், அதன்மேல் 30 சதவீதத்தை ஒட்டிய வட்டி ஏறும். 2000ஐ 24ஆல் வகுத்து, கட்டணத்தையும் சேர்த்து, அந்தத் தொகையைச் சம்பளம் வரும் மறுநாளே தானாகப் போகும்படி போட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடும்முன் ‘இன்றே முழுப் பணமும் கொடுத்தால் என்ன விலை?’ என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், இங்கே ஃபிரிட்ஜ், சோபா விஷயத்தில் பேரம் சகஜம். 150 டாலர் குறைத்தார்கள் என்றால், தவணையில் வாங்குவதால் நீங்கள் இழப்பது 275 அல்ல, 425.

இன்னொன்று, வீட்டுக்கடன். அது இப்போது தூரமாகத் தெரியும். ஆனால் விண்ணப்பிக்கும்போது வங்கி உங்கள் கார்டு பாக்கியை மட்டும் பார்க்காது, முழு லிமிட்டையும் கடன் போலவே கணக்கில் எடுக்கும். 2000 டாலர் சாமானுக்கு 6000 லிமிட் கொடுத்தால் வேண்டாம் என்று குறைக்கச் சொல்லுங்கள். அடைத்து முடித்ததும் கார்டை ரத்து செய்துவிடுங்கள். வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடாது, எழுத்தில் உறுதி வாங்க வேண்டும்.

மாதக் கட்டணம் இல்லை, ரொக்கத்துக்குத் தள்ளுபடியும் இல்லை, முழுத் தொகை உங்கள் சேமிப்பில் இருக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள், பணம் வங்கியிலேயே வட்டி ஈட்டட்டும். இல்லையென்றால் ஃபிரிட்ஜை மட்டும் ரொக்கத்துக்கு வாங்குங்கள். சோபா அவசரமில்லை. வீடு மாறுகிறவர்கள் நல்ல சோபாவையே வந்து எடுத்துப்போனால் போதும் என்று கொடுக்கிற ஊர் இது.