பேரரசரின் முகம் ஒட்டுப்போட்டதுபோல் தெரிவது ஏன்?

வணக்கம். இஸ்தான்புல்லில் ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த ஹாகியா சோபியாவின் தெற்கு மாடத்தில், ஒரு மொசைக்கை (சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த சுவர்ச் சித்திரம்) நீங்கள் எடுத்த படத்தில் பேரரசரின் தலை மட்டும் ஒட்டாமல் நிற்கிறது, அண்மையில் யாரோ பழுதுபார்த்துக் கெடுத்துவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்த ஒட்டு 11ஆம் நூற்றாண்டிலேயே போடப்பட்டது.

சித்திரத்தின் நடுவிலுள்ள கிறிஸ்துவுக்கு ஒரு பக்கம் பணப்பையோடு நிற்பவர் பைசாந்தியப் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் மோனோமாக்கஸ். மறுபக்கம் பேரரசி ஸோயி. இவர் ஸோயியின் மூன்றாவது கணவர். திருமணம் 1042இல் நடந்தது. அங்கே முதலில் இருந்தது முதல் கணவர் மூன்றாம் ரோமானஸின் முகம் என்பது பலருடைய கருத்து. கணவர் மாறியதும் உடலை அப்படியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சிக்கனமான அரண்மனை!

தலைக்கு மேலுள்ள எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். புதிய பெயரை இடம் போதாமல் நெருக்கியிருப்பது தெரியும். ஸோயி கையிலுள்ள சுருளிலும் பெயர் திருத்தப்பட்டிருக்கிறது. விந்தை என்னவென்றால், ஸோயியின் முகமும் கிறிஸ்துவின் முகமும்கூட மாற்றப்பட்டவையே. அதற்கான காரணம் பற்றி அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அதே சுவரில் சற்றுத் தள்ளி இன்னொரு பேரரசரான இரண்டாம் ஜான் கொம்னெனஸின் மொசைக் இருக்கிறது. அந்தப் படமும் உங்களிடம் இருந்தால் கழுத்துப் பகுதியை ஒப்பிட்டுப் பாருங்கள்.